பந்து நிற்க ஒரு சமதரை

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும் இருக்கிறது. பதுளைக்கும் ஒன்று வந்தால் வெள்ளைக்காரர் குவிவார்களே?
– வாசகர், பண்டாரவளை

ஆட்கள் குவிவார்கள், பந்து நிற்காதே! பசறைச் சரிவில் ஓங்கி அடித்தால் அதை எடுத்துவர பஸ் பிடிக்க வேண்டும். கொழும்பு றோயல் மைதானத்தின் குறுக்கே களனிவெளி ரயில் ஓடுவதையே பெரிய சவால் என்கிறார்கள். அவர்கள் நம் மலையைப் பார்க்கவில்லை. 1889இல் நுவரெலியாவில் துரைமார் கிளப் தொடங்க முடிந்ததற்குக் காரணம், மலைகளுக்கு நடுவே அங்கே அகன்ற தரை கிடந்ததுதான். பதுளைத் தோட்டங்களிலோ தேயிலையைவிட அரிதானது சமதரைதான்.

18 குழிக்கு 100 ஏக்கராவது வேண்டும். தோட்ட வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 7 பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச். பாதை, கோயிலை விட்டுக் கணக்குப் போட்டால் ஒரு மைதானத்தில் 2,200 குடும்பங்களுக்குமேல் குடியேறலாம். வேலைவாய்ப்பு வருமே என்பீர்கள். வரும், புல் வெட்டவும் பை தூக்கவும். அந்த நிலத்தில் வீடும் வரப்போவதில்லை, மைதானமாவது வரட்டுமே என்பது இன்னொரு வாதம். வீடு வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம்: 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை 2005இலேயே வந்திருந்தது. எழும்பிப் போகச் சொன்னால் போதுமா, போய் இறங்கச் சரியாத தரை வேண்டாமா? அதற்கான வரிசையில் கோல்ஃப் மட்டையோடு வருபவரை எத்தனையாவது ஆளாக நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்கள்.