கடல் கடந்த ஓடிபி: மயிலை, தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரிவுக்கான காரணங்களை வகுத்துரைத்த தொல்காப்பியம் ஓதலை அவற்றுள் ஒன்றாக வைத்ததோடு, கல்விக்காகப் பிரிந்திருக்கும் காலம் மூன்று ஆண்டுகளைக் கடக்கலாகாது என்றும் வரம்பு கட்டியது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெற்ற அயல்நாட்டு மாணவர் படிப்பு முடிந்தபின் தங்கி வேலைப் பயிற்சி பெற அமெரிக்க அரசு அளிக்கும் காலமும், முதல் 12 மாதங்களும் நீட்டிப்பான 24 மாதங்களும் சேர, அதே மூன்று ஆண்டுகளாக அமைந்திருப்பது இலக்கண ஆசிரியரின் முன்னறிவுக்குச் சான்று என்று கொள்ள இடமுண்டு. படிப்புக்கே ஆகும் இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால்தான் இந்தப் பொருத்தம் நிற்கும் என்பதை மட்டும் மயிலாப்பூர்ப் பெற்றோர் ஏற்க மறுக்கின்றனர். ஆனால் பிரிந்து சென்றவரின் வங்கிக் கணக்கு எந்தக் கைப்பேசி எண்ணோடு இணைந்திருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு வரும் செய்தியை யார் படித்துச் சொல்ல வேண்டும் என்பன பற்றித் தொல்காப்பியமும் அதன் உரையாசிரியர்களும் ஒன்றும் கூறவில்லை. அகத்திணையில் காத்திருப்பவள் தலைவி; இங்கே காத்திருப்பவர் தாய், அதுவும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு. இலக்கண மரபு விட்டுச் சென்ற அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஓடிபி என்பது ஒரே ஒருமுறை மட்டும் செல்லுபடியாகி, சில நிமிடங்களில் உயிர்விடும் கடவுச்சொல், பெரும்பாலும் ஆறு இலக்கங்கள் கொண்டது, குறுஞ்செய்தியாகப் பிறப்பது. அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் செய்யும் கொடுப்பனவுகளுக்குக் கூடுதலாக ஓர் உறுதிப்பாடு வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்த ஆணை 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் மாறாத கடவுச்சொல்லே அந்த வேலையைச் செய்துவந்தது; அதை வாடிக்கையாளர்கள் மறந்துகொண்டே இருந்ததாலும், திருடர்கள் மறவாதிருந்ததாலும், அந்த இடத்துக்கு ஓடிபி வந்து சேர்ந்தது. இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்றுண்டு. இந்த விதி அயல்நாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்தாததால், சென்னை வங்கியின் அட்டையைக் கொண்டு அமெரிக்கக் கடையொன்றில் மடிக்கணினி வாங்கும் மாணவரை எவரும் எதுவும் கேட்பதில்லை. அதே மாணவர் மயிலாப்பூரில் இருக்கும் பாட்டிக்குத் தீபாவளி இனிப்பு அனுப்ப முயன்றால்தான் நாட்டின் நிதிப் பாதுகாப்பு அமைப்பு முழுவதும் விழித்தெழுகிறது.

இனி, ஓடிபி சென்று சேரும் சிம் ஏன் சென்னையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆராய வேண்டும். இதற்கு மூன்று காரணங்கள் காட்டப்படுகின்றன. முதலாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, முன்பணச் சிம் ஒன்று 90 நாட்கள் அழைப்பின்றி, செய்தியின்றி, தரவின்றிக் கிடந்தால் துண்டிக்கப்படலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு உயிரை நீட்டிக்கவும் அந்த விதியே வழி செய்கிறது. சிம்மின் உயிருக்கு நாடு குறித்த விலை 20 ரூபாய் என்பது வருங்கால வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படும் செய்தி. இரண்டாவது, 2022-இல் வெளிவந்த ஐஃபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கப்படும் ஐஃபோன்களில் சிம் அட்டையைச் செருகும் இடமே கிடையாது. அங்கே எல்லாம் உருவமற்ற இ-சிம். இந்தியச் சிம்மையும் இ-சிம்மாக மாற்றலாம்; ஆனால் மாற்றம் கோரும் குறுஞ்செய்தியைப் பொதுவாக அந்தச் சிம்மிலிருந்தே அனுப்ப வேண்டியிருப்பதால், அதைச் செருக இடமில்லாத கைப்பேசியோடு நிற்கும் மாணவர் தத்துவத் துறைக்கு மாறுவதே மேல். மூன்றாவது காரணத்தை எந்த விதிநூலிலும் காண முடியாது: அம்மாவிடம் இருந்தால் தொலையாது.

இவ்வாறு சிம், அம்மாவின் கைப்பேசியின் இரண்டாம் பொந்துக்கோ, பூசை அலமாரிக்கு அருகில் மின்னேற்றக் கம்பியில் கட்டுண்டு கிடக்கும் பழைய கைப்பேசிக்கோ குடிபெயர்கிறது. சட்டத்தின் கண்ணில் மாணவரின் நிலையும் அதே வேளையில் மாறிவிடுகிறது. வெளிநாட்டில் படிக்கும் மாணவரை வெளிநாடுவாழ் இந்தியராகவே கொள்ள வேண்டும் என்று 2003 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விடுத்துள்ளது. ஆக, மாணவர் சட்டப்படி வெளிநாடுவாழ்நர். அவருடைய சிம் உள்நாடுவாழ்நர். வெளிநாட்டு எண்ணை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் பத்து நாடுகளின் எண்களுக்கு வழி திறந்தபோது அமெரிக்காவும் இங்கிலாந்தும் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் பட்டியலில் இருந்தன. தமிழ் மாணவர்கள் பெருமளவில் சென்று குவிந்த ஜெர்மனி இல்லை.

அடுத்தது மூலபாட ஆய்வு. ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளுக்கு மேல் தாங்காது. தமிழில் எழுதினால் 70 எழுத்துகளிலேயே மூச்சு முட்டிவிடும் என்பதால் ஓடிபி இலக்கியம் ஆங்கிலத்திலேயே வளர்ந்தது. அந்தச் சிறு பரப்புக்குள் வங்கிகள் கொடுக்கும் எண்கள் பல: செலுத்த வேண்டிய தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், நாள், நேரம், ஐயம் இருந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண், இவற்றுக்கு நடுவே எங்கோ ஓடிபி. எது முதலில் வரும் என்பதில் வங்கிக்கு வங்கி பாடபேதம் உண்டு. ஒரு வங்கி ஓடிபியைத் தலையில் வைக்கும். இன்னொன்று வாசகரின் பொறுமையைச் சோதித்து இறுதியில் வைக்கும். எனவே படிப்பவர் முதலில் கண்ணில் பட்ட எண்ணைத் தொகையென்று அறியாமல் உரக்கப் படிப்பதும், மறுமுனையில் உள்ளவர் அதைத் தட்டச்சிட்டுத் தோற்பதும், பிறகு அட்டையின் நான்கு இலக்கங்கள் படிக்கப்படுவதும், "அது நாலு தாம்மா, ஆறு வேணும்" என்ற குரல் எழுவதும் இந்த இலக்கியத்தின் வழக்கமான நிகழ்முறை. முந்தைய வாரத்து ஓடிபி அதே அனுப்புநரின் பெயரில் மேலேயே நின்றுகொண்டிருப்பது இன்னொரு சிக்கல். பழைய சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் எது மூலம், எது இடைச்செருகல் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய முடிந்தது. மயிலாப்பூர்த் தாய்க்கு அதற்குக் கிடைப்பது மூன்று நிமிடம்.

ஒலியியல் நோக்கில் இப்பொருள் இன்னும் வளமானது. கள வழக்கில் உரையாடல் "அம்மா, ஓடிபி வந்துதா?" என்று தொடங்கும்; மயிலையின் மாட வீதிகளில் "இருடா கண்ணா, கண்ணாடியை எடுத்துண்டு வரேன்" என்றும், தியாகராய நகரின் தெருக்களில் "இருப்பா, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்" என்றும் விடை வருவதில் வினைவடிவம் மட்டுமே வேறு, கண்ணாடி இரண்டிடத்திலும் அடுத்த அறையில்தான் இருக்கிறது. படிக்கும் முறையில் இரு கொள்கைகள் காணப்படுகின்றன. ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வோர் ஒரு சாரார்; அவர்களால் தொல்லை குறைவு, ஆனால் "டபுள் ஃபைவ்" என்னும் இடத்தில் மட்டும் மறுமுனை ஒரு ஐந்தோடு நின்றுவிடும். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வோர் மற்றொரு சாரார். வாட்ஸ்அப் அழைப்பு இழுத்து இழுத்துக் கேட்கும் வேளையில் தமிழில் "அம்பது" என்பதும் "எம்பது" என்பதும், ஆங்கிலத்தில் "ஃபோர்ட்டீன்" என்பதும் "ஃபோர்ட்டி" என்பதும் ஒன்றாகிவிடுவதால், நிதித்துறையின் பாதுகாப்பு ஓர் உயிரெழுத்தின் தெளிவில் தொங்குகிறது. ஓடிபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாமே என்ற யோசனை இளைய தலைமுறையால் முன்வைக்கப்பட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க எந்த இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்துவது என்பதை விளக்குவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடுவதால் அது கைவிடப்பட்டது.

காலக் கணக்கு தனியே ஆராயத்தக்கது. கோடையில் நியூயார்க் சென்னையைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே இரவு 9 மணிக்குக் கட்டணம் செலுத்த முனையும் மாணவருக்குச் சென்னையில் காலை 6:30. வாசலில் கோலம் முடிந்து ஃபில்டர் காபி இறங்கிக்கொண்டிருக்கும் உகந்த வேளை அது. கலிஃபோர்னியாவின் நண்பகலோ சென்னையின் நள்ளிரவு 12:30. மியூனிக்கின் மாலை 4 மணி இங்கே இரவு 7:30. தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளை வரும்வரை எந்த வங்கியும் காத்திருக்க வேண்டும். இத்தொல்லைகளில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் நிறுவிய மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்தது. 1906 ஜனவரி 1-இல் நாடு முழுமைக்கும் ஐந்தரை மணி என்று ஆன கையோடு சென்னையிலிருந்து 8 நிமிடம் 46 நொடி எடுத்துக்கொள்ளப்பட்டு இன்றுவரை திருப்பித் தரப்படவில்லை. பல வங்கிகளின் ஓடிபி வாழும் காலத்தைவிட அது நீளமானது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிட்டு மேலே செல்லலாம்.

வட்டார வேறுபாடுகள் வருமாறு. தியாகராய நகரில் இடர் ஓசையால் விளைகிறது; ரங்கநாதன் தெருவில் ஆடித் தள்ளுபடி நாட்களில் கைப்பைக்குள் இருக்கும் கைப்பேசி அடிப்பதை அதன் உரிமையாளர் கேட்டதாகச் சான்றில்லை. அடையாற்றில் இடர் உடல்நலத்தால் விளைகிறது. எலியட்ஸ் கடற்கரையில் காலை நடைக்குப் போகும் தந்தையார், நடக்கும்போது கைப்பேசி கூடாது என்று மருத்துவரே சொன்னதாகக் கூறி அதை வீட்டில் வைத்துவிட்டுச் செல்கிறார். மயிலையில் இடர் இசையால் விளைகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அடுத்த பருவக் கட்டணமும் விடுமுறை விமானச் சீட்டும் டிசம்பரில் வந்து மோதும். மியூசிக் அகாதெமியின் விழாவோ டிசம்பர் 15-இல் தொடங்கிப் புத்தாண்டு நாள்வரை செல்லும். அரங்கினுள் கைப்பேசி மௌனம். ஆலாபனையின் நடுவே ஒளிரும் திரையைப் பார்ப்பவரை நோக்கிப் பக்கத்து இருக்கை செலுத்தும் பார்வைக்கு எந்தத் தாயும் அஞ்சுவாள். ஆயினும் மரபு இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: தனி ஆவர்த்தனம். மிருதங்க வித்வான் கணக்கில் இறங்கும்போது அவையின் ஒரு பகுதி கேண்டீனை நோக்கி எழுவது நீண்டகாலப் பழக்கமாதலால், கட்டணம் செலுத்தும் மாணவர் தன் நேரத்தைக் கச்சேரியின் அந்தக் கட்டத்துக்கு ஒத்திசைத்துக்கொண்டால் ஓடிபியும் கிடைக்கும், அம்மாவுக்குக் கீரை வடையும் கிடைக்கும். இதில் இழப்பு மிருதங்க வித்வானுக்கு மட்டுமே. அவருக்கு அது பழகிப்போனது.

இயற்கையும் அரசும் செய்யும் தடைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டபோதும், 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரின் மரங்களைச் சாய்த்தபோதும் கோபுரங்கள் மௌனமாயின. 2021 மார்ச் 8 அன்று வானம் தெளிவாகவே இருந்தது. வணிகக் குறுஞ்செய்திகளின் வாசக அமைப்பை முன்கூட்டியே பதிவு செய்யாதவை தடுக்கப்படும் என்ற விதி அன்று செயலுக்கு வர, நாடெங்கும் ஓடிபிகள் வழியிலேயே மடிந்து, மறுநாளே அந்த விதி ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

எஞ்சியிருப்பது அறநூல் வினா. எந்த ஓடிபியின் இறுதியிலும், இதை எவரிடமும் பகிரவேண்டாம், வங்கி ஊழியரிடம்கூட, என்னும் எச்சரிக்கை நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்குத் தாய் படித்துச் சொல்வது இதை மீறுகிறதா? மீறுகிறது என்பார் கருத்து இரண்டு இடத்தில் தளர்கிறது: உரிமையாளருக்கே உரியதை உரிமையாளருக்குச் சொல்வது பகிர்தல் ஆகாது, மேலும், திருடனாக இருந்தால் "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லித்தான் ஓடிபியைப் பெற முடியும் என்பதால், எந்த வங்கியும் வகுக்காத கூடுதல் உறுதிப்பாடு ஒன்று இந்த முறையில் அமைந்திருக்கிறது. மாறுவேடக் குரலைக் கண்டுபிடிப்பதில் மயிலைத் தாய்மார் எந்த மென்பொருளுக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் காவல்துறையின் பெயரைச் சொல்லி மிரட்டும் அழைப்புகளின் முன் இதே தாய்மார் நடுங்கிப்போவதுண்டு என்பதால், இந்தப் பாராட்டை அளவோடு கொள்வதே நேர்மை.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1-ஐக் கெடுவாகக் குறித்த புதிய நெறிமுறைகள், இரண்டு படி உறுதிப்பாட்டைக் கைவிடாமல், குறுஞ்செய்தி அல்லாத பிற வழிகளுக்கும் கதவு திறக்கின்றன. ஓடிபி மறையும், தாய்மார் ஓய்வு பெறுவர் என்று இதைக் கொண்டாடுவது அவசரம். வங்கிச் செயலிகள் பல, தாம் குடியிருக்கும் கைப்பேசியிலேயே அந்தச் சிம் இருக்கிறதா என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்த பின்பே கண் திறக்கின்றன. ஆகவே சிம் உள்ள இடமே வங்கி. சிம் இருப்பதோ பூசை அலமாரி அருகில். அந்தச் சிம்மின் திட்டம் காலாவதியானால், இணையத்தில் ரீசார்ஜ் செய்ய அட்டை வேண்டும், அட்டைக்கு ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு அந்தச் சிம் வேண்டும். இந்தச் சுழலை அறுக்க லஸ் முனையின் ரீசார்ஜ் கடைக்கு ரொக்கத்தோடு நடந்து போகும் பெற்றோரைத் தவிர வேறு கருவி இல்லை. விமானம் ஏறவிருக்கும் மாணவர்கள் 365 நாள் திட்டத்துக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, அது முடியும் நாளைச் சமையலறைத் தினசரி நாட்காட்டியில் தம் கைப்படக் குறித்துவைத்துவிட்டுப் புறப்படுவது நலம்.