நூற்றைம்பது கிராம் நியாயம்

ஆரணியில் எடை பார்க்காமல் எதுவும் கை மாறாது. முதலாளி பாவு கொடுத்தால் நிறுத்துத்தான் கொடுப்பார். ஊடைப் பட்டும் ஜரிகையும் கிராம் கணக்கு. சேலை நெய்து முடித்து மடித்துக்கொண்டு போனால் மறுபடியும் தராசு ஏறும். குறைந்தால் கூலியில் கழியும். பட்டை விடுங்கள், அரிசிக்கும் இதே கதைதான். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று டெல்லியில் அறிவித்தார்கள். நம் ஆலைக்காரர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. சிப்பத்தை 26 கிலோ ஆக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கேஸ் சிலிண்டரை மட்டும் யாரும் நிறுப்பதில்லை. லேசாகச் சாய்த்துப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்று சொல்லி உள்ளே உருட்டிவிடுகிறோம். காலி இரும்பே பதினைந்து பதினாறு கிலோ. அது கனமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இன்னொன்று, நமக்கென்று ஒரு சிலிண்டர் கிடையாது. டெபாசிட் கட்டிய அன்று பளபளவென்று சிவப்புப் பெயின்டோடு ஒன்று வந்ததே, அது முதல் மாதமே போய்விட்டது. இந்நேரம் செய்யாறு பக்கம் ஏதாவது போண்டாக் கடையின் பின்கட்டில் சட்டவிரோதமாக உழைத்துக்கொண்டிருக்கும். நம் வீட்டுக்கு வருவது யாரோ மாடிப்படியில் உருட்டியது, வேறு யாரோ லாரியிலிருந்து தள்ளியது. சொந்தமில்லாத பொருள்மீது யாருக்கும் கரிசனம் வருவதில்லை. ரயில் பெட்டியின் ஜன்னலைப் பார்த்தாலே இது தெரியும்.

என் சித்தப்பாவுக்கு மட்டும் இது பொறுக்காது. குழித்தறியில் உட்கார்ந்து ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஓர் இழை விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சிலிண்டர் வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டைகளைச் சுற்றிவந்து படிப்பார். ஒரு பட்டையில் ஆங்கில எழுத்தும் அதோடு இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். சி-27 என்று போட்டிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டர் சோதனைக்குப் போயாக வேண்டும். காலாவதியான ஒன்றைக் காட்டி சித்தப்பா கேட்டபோது, சிலிண்டர் போடும் தம்பி கொஞ்சமும் கூசாமல் சொன்னான்:

"அது மாடல் நம்பர் நைனா."

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வாங்கிய சிலிண்டர்தான் இந்தக் கதையின் நாயகன். தேதி சரியாக இருந்தது. சீல் இருந்தது. ஆனால் டெலிவரிக்கு ஓர் எண் சொல்ல வேண்டுமே! அது பெங்களூரில் இருக்கும் என் மகன் போனுக்குத்தான் போகும். அங்கே அவன் மீட்டிங்கில் இருக்கிறான்; இங்கே திண்ணையில் முப்பது கிலோ உட்கார்ந்திருக்கிறது. எண் வருவதற்குள் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சீலை உடைத்து, அடுப்படியில் ரெகுலேட்டரை அழுத்தினான்.

முதலில் மோப்பம் பிடித்தது தறிக்குள் இருந்த சித்தப்பா. "யாரு கோஸை அழுக வுட்டது?"

இதற்கு விஞ்ஞானம் உண்டு. சமையல் வாயுவுக்கென்று வாசனை ஏதும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த வாயுவோ காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். நெசவாளர் வீட்டில் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியைவிட வசதியான பள்ளம் எங்கே கிடைக்கும்? அடுப்படிக்கு அடுத்த அறையில் குழித்தறி வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

சித்தப்பா எழுந்த வேகத்தில் நாடா பாவிலேயே நின்றுவிட்டது. ஆயா, "ஃபேனைப் போடுங்கடா, நாத்தம் போவும்" என்று சுவிட்சை நோக்கி நடந்தார். மூன்று பேர் ஒரே குரலில் கத்தியதில், எண்பத்து சொச்சம் வயதில் முதல் முறையாக ஆயா ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினார். சுவிட்சில் ஒரு பொறி போதும். என் மனைவி கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, 1906க்கு அடிக்கப் போனோடு தெருவுக்கு ஓடினாள். அது கசிவுக்கென்றே இருக்கும் எண், ராத்திரி பகல் கிடையாது.

தம்பி மட்டும் பதறவே இல்லை. "புதுசுன்னா கொஞ்சம் அடிக்கும் நைனா. போகப்போக சரியாயிடும்" என்றான், பச்சரிசிச் சோறு குழைவதைப் பற்றிச் சொல்கிற குரலில்.

சித்தப்பா சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பட்டின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைக்கிற ஊரில் நுரைக்கா பஞ்சம்? ரெகுலேட்டரைச் சுற்றி ஊற்றியதும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் வாஷரை எடுத்து மாற்றினான். குமிழ் குறைந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி வால்வின் வாயில் ஊற்றிப் பார்த்தால் அங்கேயும் குமிழ். வாஷர் மட்டுமல்ல, வால்வுக்குள் இருக்கிற பின்னும் சரியில்லை.

"மூடி எங்கடா?"

அந்த வெள்ளை மூடி இறுகி உட்கார்ந்தால் கசிவு நிற்கும். அதற்காகத்தான் அதை நூல் போட்டுச் சிலிண்டரிலேயே கட்டி அனுப்புகிறார்கள். இதில் நூல் அறுந்து, மூடி தம்பியின் வண்டியில் கிடந்தது. மூடியதும் சித்தப்பா மீந்த பட்டு இழைகளை முறுக்கி அதைக் கைப்பிடியோடு கட்டினார். எங்கள் வீட்டிலிருந்து போகும் சிலிண்டருக்கெல்லாம் இந்த மரியாதை உண்டு. உங்கள் வீட்டுக்குப் பட்டு நூல் கட்டிய மூடியோடு ஒன்று வந்தால் விசாரிக்கவே வேண்டாம், எங்களிடமிருந்துதான் வந்திருக்கும்.

அத்தோடு விட்டிருக்கலாம். "எடை போடு" என்றார் சித்தப்பா. தராசு கொண்டுவர வேண்டியது தம்பியின் கடமை; அது ஏஜென்சியில் பத்திரமாக இருக்கிறதாம். தெருமுனை அரிசிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் முதல் வேலையாகக் கல்லாவில் இருந்த ஊதுவத்தியை அணைத்தார். விவரமானவர்.

பட்டையில் போட்டிருந்த காலி எடை 15.7. உள்ளே 14.2 இருக்க வேண்டும். ஆக 29.9. தராசு 29.4 காட்டியது.

"அரைக் கிலோ எங்கடா?"

"லீக்ல போயிருக்கும் நைனா."

"லீக்கே இல்லன்னு இப்பதானடா சொன்னே?"

தம்பி ஒரு கணம் யோசித்து, சட்டத்தைத் துணைக்கு அழைத்தான். "நூத்தம்பது கிராம் முன்னபின்ன இருக்கலாம்னு கவர்மென்ட்டே சொல்லியிருக்கு." உண்மைதான். பத்திலிருந்து பதினைந்து கிலோ வரையிலான பொட்டலத்துக்கு அவ்வளவு பிழையை எடையளவுச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது.

"நூத்தம்பது கிராமா? அதுல நான் ஒரு முந்தானையே முடிச்சிடுவேன். முதலாளிகிட்ட அதைச் சொன்னா சும்மா வுடுவாரா? எனக்கும் அப்படி ஒரு சட்டம் போடச் சொல்லு" என்றார் சித்தப்பா. அரிசிக்கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். 26 கிலோ சிப்பத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்ததால் அவர் யார் பக்கம் என்று தெரியவில்லை.

மகன் அனுப்பிய எண் அப்போதுதான் வந்தது. அதைச் சொல்லிவிடாதே என்று சித்தப்பா என் வாயைப் பொத்தாத குறை. எண் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். முடிந்த கணக்கைப் பிரிக்க இந்த நாட்டில் யாராலும் முடியாது என்பது அவர் வாதம். மாலைக்குள் வேறு சிலிண்டர் வந்தது. எடை சரி, நுரையில் குமிழ் இல்லை. அடி வளையம் மட்டும் நசுங்கியிருந்ததால் ஆடியது. பழைய மயில் டிசைன் ஜக்காடு அட்டை இரண்டை அடியில் செருகினோம். நின்றது. எண்ணைச் சொன்னோம்.

இப்போதெல்லாம் தம்பி வாசலில் வண்டியை நிறுத்தியதும் மெதுவாக என்னிடம் கேட்கிறான்: "நைனா இருக்காரா?"

இருக்கிறார் என்றால் முதலில் தராசு இறங்குகிறது. இல்லை என்றால் சிலிண்டர் மட்டும்.