ரிட்டன் அண்ணாத்தே

அண்ணாத்தே புது ஷூ வாங்கினால் அது முதல் ஒரு வாரத்துக்கு மண்ணைப் பார்க்காது. கூடத்தில் கோரைப்பாயை விரித்து அதன்மேல் நடப்பார். பாய் முடிகிற இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி நடப்பார். அடியில் ஒட்டிய விலைச்சீட்டு கலையக் கூடாது. நாடாவில் தொங்கும் அட்டை அறுபடக் கூடாது. பெட்டி, பெட்டிக்குள் இருந்த மெல்லிய தாள், ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த குட்டிப் பொட்டலம் எல்லாம் பரண்மேல் போய்விடும். பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கு அந்த வீட்டில் இத்தனை பாதுகாப்பு கிடையாது.

தோணிரேவிலும் அதைச் சுற்றிய பழவேற்காட்டுக் குப்பங்களிலும் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். வீட்டில் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் ஊர் கூப்பிடுவது ரிட்டன் அண்ணாத்தே என்றுதான். அவருக்குப் பொருளை வாங்குவது பாதி வேலை. திருப்பிக் கொடுத்தால்தான் வாங்கிய திருப்தி.

ஏரியில் இறங்குகிற மனுஷனுக்கு ஷூ எதற்கு என்று கேட்கலாம். மச்சான் கல்யாணம் இருக்கிறது, மகளைக் காலேஜில் சேர்க்கப் போக வேண்டியிருக்கிறது. சிக்கல் காலில்தான். சின்ன வயதிலிருந்து சேற்றில் ஊன்றி ஊன்றி விரல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள்போல் விலகி நிற்கும் பாதம் அது. எட்டாம் நம்பர் போட்டால் விரல் நசுங்குகிறது. ஒன்பது போட்டால் குதிகால் கழன்று வருகிறது. இரண்டுக்கும் நடுவே பொன்னேரிக்கு பஸ் ஓடுகிறது. போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர்.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பர். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், அதுவும் நீளத்தில் மட்டும். அகலத்தை அந்த எண் கண்டுகொள்வதே இல்லை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது, நமக்குத் தனி அளவுமுறை வேண்டும் என்று சொன்னது. இந்தச் செய்தி வந்த நாளிதழை அண்ணாத்தே கத்தரித்து வைத்திருக்கிறார். கடைப் பையனிடம் அதைத்தான் முதலில் நீட்டுவார். பையன் அதை பில் என்று நினைத்து வாங்கிப் பார்ப்பான்.

"அண்ணா, இத்த போட்டு நடந்திருக்கீங்க."

"நடக்கல தம்பி. நின்னேன்."

"மடிப்பு வுழுந்திருக்கே?"

"நின்னா மடிப்பு வுழாதா? உன் சட்டைல கூடத்தான் வுழுந்திருக்கு. சட்டை எங்கியாவது நடந்துச்சா?"

பில்லின் பின்பக்கம் எறும்பு வரிசைபோல் அச்சடித்திருப்பதை ஊரில் முழுக்கப் படித்தவர் அவர் ஒருவரே. 'ஏழு நாளைக்குள்' என்றால் வாங்கிய நாள் சேர்த்தியா, மறுநாளிலிருந்தா? 'பயன்படுத்தாத நிலையில்' என்றால், காலை உள்ளே விட்டுப் பார்ப்பது பயனா பரிசோதனையா? 'தண்ணீரில் நனைந்தால் உத்தரவாதம் கிடையாது' என்ற வரிக்கு வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். பழவேற்காட்டில் தண்ணீர் படாமல் நடக்க வேண்டுமானால் ஏரியை வேறு எங்காவது மாற்றிக் கேட்க வேண்டும்.

சட்டமும் ஓரளவு தெரியும். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று பில்லில் அச்சடிப்பதே நியாயமற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் துறை 1999-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தால் அதுவும் நியாயமற்ற வணிகம். கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020-இல் தனி விதிகளே வந்தன: பழுது, போலி, படத்தில் காட்டியது ஒன்று வந்தது ஒன்று என்றால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. உதவி எண் 1915. சண்டிகரில் பாட்டா கடை ஒன்று காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கப்போய், 2019-இல் நுகர்வோர் மன்றம் எல்லாமாக 9,000 ரூபாய் எடுத்து வைக்கச் சொன்ன கதையை அவர் மாரியம்மன் கதைபோல் சொல்வார். பை கொடுத்தால் விலை கேட்பார். இலவசம் என்று தெரிந்தால் முகம் விழுந்துவிடும்.

அவருக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிற இடம் ஒன்று உண்டு. சட்டம் பேசுவது பழுதைப் பற்றி. வார் அறுந்தது, பசை விட்டது, இரண்டும் இடது காலாக வந்தது, இதெல்லாம் பழுது. சைஸ் சேரவில்லை, பெண்டாட்டிக்குக் கலர் பிடிக்கவில்லை என்பது பழுதில் சேராது. அதை மாற்றிக் கொடுப்பது கடைக்காரர் தானாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஏழு நாளா, மாற்று மட்டுமா, பணமும் உண்டா, ஆடித் தள்ளுபடிச் சரக்குக்குச் செல்லுமா என்பதெல்லாம் அவர் எழுதி வைத்தபடிதான். அண்ணாத்தே இரண்டையும் ஒரே வலையில் வாரிப் போட்டுக்கொண்டு, கலர் பிடிக்காததற்கும் டெல்லி வரை போவேன் என்பார்.

ஒருமுறை பில்லே காலை வாரியது. அந்த வழவழத் தாளில் எழுத்து மங்கிவிடும் என்று யாரோ சொல்ல, லேமினேஷன் செய்யக் கொடுத்தார். அந்தத் தாள் சூடு பட்டால் கறுக்கும் ரகம். மெஷினுக்குள் போன பில் அமாவாசையாக வெளியே வந்தது. லேமினேஷன் கடைக்காரரிடம் அதையே ரிட்டன் கேட்டார்.

ஆன்லைனில் வாங்கினால் அது வேறு கூத்து. பெட்டியைத் திரும்ப எடுக்க வரும் பையன் போன் செய்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பான். "டச்சுக்காரன் கல்லறை தெரியும்ல? அத்த தாண்டி வா" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் பையன் மறுநாள்தான் வருவான்.

அந்தக் கல்லறையில் கிடப்பவர்களுக்கு இந்த வழக்கெல்லாம் புரிந்திருக்கும். 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வாங்கிய கம்பெனிக்காரர்கள், மாதிரித் துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரக்கைப் பார்த்தார்கள். நெசவு குறைந்தால், சாயம் பிசகினால் விலையை வெட்டினார்கள், இல்லாவிட்டால் தள்ளினார்கள். தள்ளிய துணி வியாபாரி வழியாக நெசவாளி தலையில் விழுந்தது. அண்ணாத்தேவிடம் கோட்டை இல்லை என்பதுதான் குறை.

இத்தனை பேசுகிறவர் தன் தொழிலில் எப்படி? கரையில் ஏலம் போனால் போனதுதான். வலை வெறுமனே வந்த நாளில் ஏரியிடம் போய் மாற்றிக் கொடு என்று அவரும் கேட்டதில்லை. சைஸ் பத்தவில்லை என்றால் பில் இல்லாமல் மாற்றிக்கொள்ளும் வசதி அந்த ஏரியில் நண்டுக்குத்தான் உண்டு. பழைய தோட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய தோட்டுக்குப் போய்விடும். புதுத் தோடு இறுகிச் சதை பிடிக்கிற வரைக்கும் உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர்தான். அடிப்பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும். தெரியாதவர் எடையைப் பார்த்து ஏமாறுவார்.

அப்படி ஏமாந்தவர், வேறு யார், பொன்னேரிச் செருப்புக்கடை முதலாளி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து அண்ணாத்தேவிடம் இரண்டு கிலோ களி நண்டு வாங்கிப் போனார். மறுநாள் காலை தூக்குப் பாத்திரத்தோடு கரையில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒண்ணுத்துலயும் சதையே இல்ல. மாத்திக் குடுங்க."

அண்ணாத்தே வலையைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தூக்கைத் திறந்து ஒரு நண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மசாலா வாடை வருதே மொதலாளி. யூஸ் பண்ணிட்டீங்களே."

"கொதிக்க வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"காலு ரெண்டு கொறையுது. செட்டா இருந்தாத்தான் நாங்க எடுப்போம்." நண்டைப் பதமாகத் தூக்குக்குள் வைத்து மூடினார். "சரி, பில்லு எடுத்தாந்தீங்களா?"