லிங்க்கின் சொந்த ஊர்: ஹடேனோ வீட்டு வழக்கில் ஒரு பனியன் நகரத்துத் தீர்ப்பு

பாயிரம்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் வீடியோ கேமில், லிங்க் என்றொரு வீரன் நூறாண்டு உறக்கம் கலைந்து ஒரு குகைத் தொட்டியிலிருந்து எழுகிறான். இளவரசி செல்டாவுக்கு மெய்க்காவல் பார்த்தவன். போரில் குற்றுயிராகி, பிழைக்கட்டும் என்று அந்தத் தொட்டியில் கிடத்தப்பட்டவன். உயிர் திரும்பியது, நினைவு திரும்பவில்லை. ஊர் எது, பெற்றவர்கள் யார், எந்த வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்தான், எதுவும் தெரியாது.

நாட்டைப் பிடித்த கேனன் என்னும் அசுரனை அவன் ஒழிப்பதுதான் கதை. ரசிகர்களுக்கு அசுரனைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது வேறொன்றுக்காக. ஹடேனோ என்ற கிராமத்தில், சின்னப் பாலத்துக்கு அப்பால், இடிக்க ஆள் வந்து நிற்கும் ஆளில்லாத வீடு ஒன்று உண்டு. அது லிங்க் பிறந்து வளர்ந்த வீடா, இல்லையா? இதுபற்றி உலகெங்கும் எழுந்த கோட்பாடுகள் பல. அத்தனைக்கும் ஒரு பொதுக்குறை: இயற்றியவர் எவரும் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தவராகத் தெரியவில்லை. அக்குறை நீக்குதல் இவ்வாய்வின் பயன். களம்: திருப்பூர். ஆய்வுக்கூடம்: பதினொரு மணி டீ பிரேக்.

சான்றுகள்

முதற்சான்று ஜட்டி. கண்விழிக்கும் லிங்க் உடலில் அது ஒன்றுதான் இருக்கிறது. நீல நிறம், கால் வைத்த மாடல். ஆய்வாளர் பலர் அவன் முகத்தைப் பார்த்தார்கள், வாளைப் பார்த்தார்கள். இடுப்புப் பட்டையைப் பார்க்கத் தவறினார்கள். நூறாண்டு தண்ணீரில் ஊறியும் எலாஸ்டிக் இளகவில்லை. உள்ளே ஓடுவது ரப்பர் நூலானாலும் ஸ்பான்டெக்ஸானாலும், வெந்நீரும் வேர்வையும் பட்டால் நாலைந்து தீபாவளிக்குள் கைவிடும் என்பது உலகறிந்த உண்மை. ஆகவே இது முதல் தரச் சரக்கு. இன்னொன்று, பட்டையில் எழுத்தே இல்லை. உள்நாட்டு பிராண்டுகள் தம் பெயரைப் பட்டையிலேயே கொட்டை எழுத்தில் நெய்துவிடும். ஆகவே இது எக்ஸ்போர்ட் சரக்கு. ஆர்டர் ரத்தானால் அல்லது பீஸ் மிஞ்சினால், அச்சரக்கு காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். வருமுன் வெளிநாட்டு பையரின் பெயர் தெரியாதிருக்க லேபிளைக் கத்தரித்துவிடுவார்கள். லேபிள் வெட்டிய பீஸைப் போலத்தான் லிங்க்கும்: தையல் உறுதி, அளவு சரி, எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டாம் சான்று, குகையின் பெட்டியில் கிடைக்கும் பழைய சட்டையும் கால்சட்டையும். கால்சட்டை நீளம் பற்றாமல் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. சிறுவயதில் போட்டது என்பர் சிலர். அற்றன்று. துணியை முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங் செய்யாமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே இப்படித்தான் ஏறும். எந்தச் செக்கிங் அக்காவும் இதை முதல் பார்வையில் ஒதுக்கியிருப்பார்.

மூன்றாம் சான்றே தலையாயது. ஹைருல் என்னும் அந்நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்க, சாயப்பட்டறை இருக்கும் ஊர் ஹடேனோ. ‘கோச்சி’ என்பது கடையின் பெயர். 15 கலர், ஒரு தடவைக்கு 20 ரூபி (அந்நாட்டுக் காசு), அதே நிறம் தரும் பொருள் ஐந்து நாமே கொண்டுபோக வேண்டும். சாம்பிள் சாயம் போட்டுப் பார்க்கும் லேப் டிப் இல்லை, ஷேடு அப்ரூவல் இல்லை, ‘ஒரு டோன் கம்மி’ என்று முந்நூறு கிலோ துணியைத் திருப்பி அனுப்பும் பையரும் இல்லை. இதைச் சொன்னபோது சாயப்பட்டறை மேனேஜர் ஒருவர் அந்த ஊருக்கு எந்த பஸ் போகிறது என்று கேட்டார். ஆனால் கழிவுநீர் எங்கே போகிறது என்பதை மட்டும் கேம் காட்டவில்லை. திருப்பூருக்கு அந்தப் பாடம் தெரியும். நொய்யலில் ஓடிய சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள வயல்களைக் கெடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு வந்த பிறகுதான் பூட்டுத் திறந்தது. ஹடேனோவுக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை, அவ்வளவே.

நான்காம் சான்று 2023 மே 12 அன்று வந்த அடுத்த பாகமான ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’. அதில் ஹடேனோவில் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் காய்கறி விளைவிக்கும் பழைய தலைவர். மறுபக்கம் காளான் வடிவத் தொப்பி தைத்து ஊரையே ஃபேஷன் ஊராக்கிய துணிக்கடைப் பெண். தோட்டமா, துணியா? தென்னந்தோப்புக்கு நடுவே நிட்டிங் மிஷின் வந்து இறங்கிய ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்தலை விளக்க வேண்டியதில்லை.

பிறர் மதம் கூறல்

இனி முன்னோர் கொள்கைகள் மூன்று.

பூர்வீகவாதிகள் சொல்வது: அது அவன் பிறந்த வீடேதான். நூறாண்டுக்கு முன் அவன் இளவரசியைக் காத்து விழுந்த இடம் ஹடேனோ கோட்டைக்கு வெளியே உள்ள சமவெளி. சாகும் நேரத்தில் கால் வீட்டுப் பக்கம்தான் இழுக்கும். மேலும் முதல் பாகத்தில் அவன் வாங்கக்கூடிய வீடு நாடு முழுக்க அது ஒன்றுதான்; காரணமில்லாமலா?

பத்திரவாதிகள் சொல்வது: அது வெறும் கிரயம். இடிக்க வந்த போல்சன் என்ற கட்டடக்காரர் முதலில் 50,000 ரூபி என்கிறார். பிறகு 3,000 ரூபியும் 30 கட்டு விறகும் போதும் என்று இறங்குகிறார். கட்டில், விளக்கு, கதவு என்று ஒவ்வொன்றுக்கும் தலா 100 தனி. பூர்வீக வீடென்றால் யாராவது காசு கேட்பார்களா?

குவார்ட்டர்ஸ்வாதிகள் சொல்வது: அவன் அப்பாவும் அரண்மனைக் காவலர். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய ஒரு நினைவில் இளவரசி கேட்கிறாள்: காவலர் குடும்பத்தில் பிறந்ததால் நீயும் காவலனாகத்தான் வேண்டும் என்று ஊரே சொல்லி, உனக்கு அது ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வாய் என்று. ஆகவே அவன் அரண்மனைக் குடியிருப்பில் வளர்ந்தவன்; ஹடேனோ என்பதே வீண்பேச்சு.

பிறர் மதம் களைதல்

பூர்வீகவாதிகளுக்கு விடை: அடிபட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கும் என்றால், பெருமாநல்லூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவர்கள் எல்லாரும் பெருமாநல்லூர்க்காரர்களாக வேண்டும்.

பத்திரவாதிகளுக்கு விடை: பூர்வீக வீட்டுக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்பவர் அண்ணன் தம்பியோடு பாகம் பிரித்தவர் அல்லர். ஆயினும் இவர்கள் தந்த தரவு பொன்னானது. 50,000 என்று ஆரம்பித்து 3,000-க்கு வந்து, விறகும் கேட்டு, விளக்குக்குத் தனியாக வாங்குவது கிரய நடைமுறையே அன்று; வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டு அட்வான்ஸ் நடைமுறை. போல்சன் கம்பெனியில் இன்னொரு விதியும் உண்டு: வேலைக்குச் சேர்கிறவர் பெயர் ‘சன்’ என்று முடிய வேண்டும். ஹட்சன், கார்சன் என்று வரிசையாக நிற்கிறார்கள். இதைக் கேலி என்று எண்ணுவோர், ஒரே ஊர் ஆட்களை மட்டுமே கூட்டி வந்து ஒரு தையல் லைன் முழுக்க உட்கார வைக்கும் காண்ட்ராக்டரைக் காணாதவர்.

குவார்ட்டர்ஸ்வாதிகளுக்கு விடை: அப்பா ஓவர்லாக் டெய்லர் என்றால் பையனும் ஓவர்லாக் டெய்லர் என்பது சரி. அதனால் பையன் ஓவர்லாக் மிஷினுக்கு அடியில் பிறந்தான் என்று ஆகாது. வேலை செய்யும் இடம் வேறு, ஊர் வேறு.

தன் மதம் நிறுவல்

மூவரும் வீட்டைப் பார்த்தார்கள். நினைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

லிங்க்கிடம் ஒரு கைப்பலகை இருக்கிறது; படமெடுக்கவும் உதவும். அதில் 12 படங்கள். அந்தந்த இடத்தைத் தேடிப் போய் நின்றால், அங்கே நடந்தது நினைவுக்கு வரும். கோட்டை, நீரூற்று, ஏரி, பாலைவனச் சந்தை என்று பன்னிரண்டும் பன்னிரண்டு இடம். அவற்றில் நடப்பது என்ன? இளவரசி பிரார்த்திக்கிறாள், இவன் பின்னால் நிற்கிறான். இளவரசி ஆராய்ச்சி செய்கிறாள், இவன் பின்னால் நிற்கிறான். இளவரசி கோபிக்கிறாள், அப்போதும் பின்னால்தான். அம்மா இல்லை, வாசல் இல்லை, சோறு இல்லை. ஏன்? பலகை இளவரசியுடையது. படம் எடுத்தவளும் அவளே. மெய்க்காவலன் வீட்டுத் திண்ணையை முதலாளியம்மா எதற்குப் படம் எடுக்கப் போகிறார்?

ஒப்பீட்டுக்கு ஏ.ஆர்.முருகதாஸின் ‘கஜினி’ (2005). அதில் சஞ்சய் ராமசாமிக்குப் பதினைந்து நிமிடம்தான் நினைவு. அவனும் படங்களை வைத்தே வாழ்கிறான். ஆனால் படம் எடுப்பவன் அவன். கீழே குறிப்பு எழுதுபவனும் அவன். இடம் போதாமல் உடம்பிலும் பச்சை குத்திக்கொள்கிறான். காரணம் வெளிப்படை: அவன் மொபைல் கம்பெனி முதலாளி. முதலாளி மறந்தால் அவன் நினைவு அவன் கையிலேயே இருக்கும். தொழிலாளி மறந்தால் முதலாளியின் கேலரியில் தேட வேண்டும்.

இன்னொரு ஒப்பீடு, 1997-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ என்னும் கேம். அதன் நாயகன் கிளவுடின் ஊர் நிபெல்ஹைம். ஐந்தாண்டுக்கு முன் எரிந்து சாம்பலானதைத் தன் கண்ணால் பார்த்தவன், திரும்பிப் போனால் ஊர் அப்படியே நிற்கிறது. ஷின்ரா என்ற மின்சாரக் கம்பெனி ஊரை அச்சு மாறாமல் திரும்பக் கட்டி, தன் ஆட்களையே குடிவைத்து, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வைத்திருக்கிறது. ரசிகர்கள் இதை நம்ப முடியாத திருப்பம் என்பார்கள். ஒரு பனியன் கம்பெனியில் பையரின் ஆடிட் நாளன்று இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். முதல் நாள் இரவு தரைக்கு மஞ்சள் கோடு. காலையில் எல்லார் விரலிலும் ஊசி பாதுகாப்பு. முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு. “தண்ணி எங்க குடிப்பீங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?” என்று சூப்பர்வைசர் ஒப்பிக்கச் சொல்வார். ஆடிட்டர் படம் எடுத்துக்கொண்டு போவார். பத்து வருடம் கழித்து அந்தத் தொழிலாளி நினைவிழந்து எழுந்தால், அவருக்குக் கிடைக்கப்போகும் நினைவு அந்த மஞ்சள் கோடுதான்.

ஆகவே லிங்க் வீட்டை மறந்தவன் என்பது பிழை. அவன் வீடு யாருடைய பதிவிலும் ஏறவில்லை என்பதே சரி. ரசிகர்கள் இத்தனை ஆண்டும் தேடியது அவன் நினைவை அல்ல. இளவரசியின் ஆல்பத்தில் விடுபட்ட பக்கத்தை.

எதிர்க்கேள்வி ஒன்று வரும்: பேசத்தான் வாயிருக்கிறதே, அவனே சொல்லியிருக்கலாமே? லிங்க் பேசாதவன். ஏன் பேசுவதில்லை என்பதை இளவரசியின் டைரி சொல்கிறது: எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதால் எதையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவன் கருதினானாம். தலைக்கு மேல் கேமராவும் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரும் உள்ள லைனில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. கவனிக்க: இதுவும் அவள் டைரியில்தான் இருக்கிறது. அவனுக்கு டைரி இல்லை.

இரண்டாம் பாகத்தில் அந்த ஹடேனோ வீட்டுக்கு என்ன ஆனது? ஊரார் அதைச் செல்டாவின் வீடு என்கிறார்கள். பக்கத்துக் கிணற்றுக்குள் அவளுக்கு ரகசிய அறையும் உண்டு. ரசிகர்கள் கொதித்தார்கள்: 3,000 கொடுத்தவன் இவன், 30 கட்டு விறகு வெட்டியவன் இவன், கதவுக்கு நூறு தந்தவன் இவன்! லைன் வீட்டில் குடியிருந்தவர் எவரும் கொதிக்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தாமதித்துத் திரும்பினால், கதவில் வேறு பூட்டுத் தொங்குவது அவர்கள் அறிந்ததே.

புறனடை

திருப்பூரில் அறிமுகமாகும் இருவர் முதலில் கேட்பது, “அண்ணா, எந்த ஊருங்க?” என்றுதான். விடை தேனியாகலாம், பட்டுக்கோட்டையாகலாம். ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர் என்றால் ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ ஒரு கிராமமாகலாம். அடுத்த கேள்வி, “இங்க எங்க இருக்கீங்க?” அதற்கு விடை அனுப்பர்பாளையம், வேலம்பாளையம் அல்லது ஒரு பஸ் ஸ்டாப். கேள்வியும் இரண்டு, விடையும் இரண்டு. உலக ரசிகர்கள் செய்த தவறு, இரண்டாம் கேள்விக்குரிய வீட்டைக் கொண்டுபோய் முதல் கேள்விக்கு விடையாக எழுதியது. ஹடேனோ லிங்க் இருக்கும் இடம். ஊர் எது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. நாட்டைக் காப்பாற்று என்று மட்டுமே எல்லாரும் சொன்னார்கள்.

இவற்றைத் தொகுத்து நூற்பா:

படம்பிடித் தவர்தம் பக்கமே நினைவாம்;
அட்வான்ஸ் கொடுத்தது இருப்பிடம் ஆகும்;
கேட்பார் உளரெனில் சொந்தஊர் உண்டே.

இதன் வழி நின்டெண்டோவுக்கு யாம் வைக்கும் பரிந்துரைகள் இரண்டு. அடுத்த பாகத்தில் லிங்க் கையிலேயே ஒரு போன் கொடுக்க வேண்டும். அசுரனை ஒழித்த பிறகு போனஸும், போக வர இரண்டு நாள் சேர்த்து ஒன்பது நாள் லீவும் தர வேண்டும். அவன் எந்த பஸ் ஏறுகிறான் என்று பார்த்தால் வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். இத்தீர்ப்பை மறுப்போர் ஞாயிற்றுக்கிழமை வாதத்துக்கு வரலாம். மற்ற ஆறு நாளும் எமக்கு ஒன்றரை ஷிப்ட்.