ஒரு படி கீழே

தாராவியில் அன்று வானிலை மையம் எங்கள் மோரிதான். அறை மூலையில் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் கட்டிய அந்தத் தொட்டிக்கு ஒரே ஓட்டை. அதன் வழியே போன தண்ணீர் கறுப்பாகத் திரும்பி வந்தால் வெளியே நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், நிரம்பிவிட்டது என்று பொருள். அம்மா கிழிந்த சேலையைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவாள். அந்த வால்வுக்கு யாரும் டெண்டர் கோரியதில்லை. அரிசி டின் போட்மாலா என்னும் பரணுக்கு ஏறும். நாங்கள் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலுக்கு ஏறுவோம்.

இன்று செம்பூரில் இருக்கிறேன். ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட், கடலேற்றம் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று எல்லாமே முதல் நாளே போனில் வந்துவிடுகிறது. மறுநாள் தண்ணீரும் வந்துவிடுகிறது.

மும்பையில் வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கட்டியவை. அதுவும் கடல் இறங்கியிருக்கும் நேரத்துக் கணக்கு. கடலிலும் கழிமுகத்திலும் திறக்கும் 186 வாய்களில் 45, சராசரிக் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. மழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் மழைநீர் போக வழியில்லை. போதாததற்குக் கடல் வேறு உள்ளே வரும். 1985 வெள்ளத்துக்குப் பிறகு நிபுணர்களை அழைத்து ஆராய்ந்தார்கள். 1993இல் ‘பிரிம்ஸ்டோவாட்’ அறிக்கை வந்தது: மணிக்கு 50 மில்லிமீட்டர் தாங்கும்படி வடிகாலைப் பெரிதாக்குங்கள், 616 கோடி ரூபாய் ஆகும். அவ்வளவு பணமா என்று கோப்பை மூடினார்கள். பிறகு செலவு அதைப்போலப் பல மடங்கானது தனிக்கதை.

கோப்பைத் திறந்து வைத்தது 2005 ஜூலை 26. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். கொலாபாவில் நூறுகூட இல்லை. சயனிலிருந்து செம்பூருக்கு இடுப்பளவு தண்ணீரில், முன்னால் போனவரின் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாராவியில் நாங்கள் பார்த்த வெள்ளங்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. மித்தி ஆற்றின் அக்கரையில் சதுப்புக்காடு. பெருகிய தண்ணீர் அங்கே பரவி நிற்கும். அந்தச் சதுப்பை மேடாக்கித்தான் பாந்த்ரா குர்லா வளாகத்தைக் கட்டினார்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கால் நனையக் கூடாதல்லவா?

அவர்களை மட்டும் சொல்வானேன். எங்கள் சால் குடியிருப்பிலும் அதே பொறியியல்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலை ஓரடி உயர்த்தினார். தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா ஒன்றரை அடி உயர்த்தினார். எதிர்வீட்டு மாமி எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் வந்து தெருவையே இரண்டடி உயர்த்திவிட்டுப் போனார். எல்லோரும் சமமாகக் குழிக்குள் இறங்கினோம். மாமி மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.

மழைநீருக்கு ஒரு குழாய், சாக்கடைக்கு இன்னொன்று என்று வரைபடத்தில் இருக்கிறது. எங்கள் சந்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒன்றாகவே வரும். தண்ணீர் வடியட்டும் என்று பெரிய பையன்கள் கம்பியால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறப்பார்கள்; கொம்பு ஒன்றை நட்டு, சிவப்புத் துணி கட்டி, பக்கத்திலேயே காவலும் நிற்பார்கள். 2017 ஆகஸ்ட் 29இல் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் வெள்ளத்தில் நடந்து வீடு திரும்பும்போது திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் மூடிகளுக்குக் கீழே வலை மாட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது.

தூர்வாருவதும் மாறிவிட்டது. அன்று நாலாவில் அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிப்பார்கள். முதல் மழையில் அது பத்திரமாக உள்ளே இறங்கிவிடும். ஆனாலும் சேற்றைக் கண்ணால் பார்த்தோம். 2025 மே மாதம், மித்தியைத் தூர்வாரிய கணக்கில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி என்று போலீஸ் வழக்குப் பதிவு செய்திருக்கிறது. இப்போது பில்லையும் பார்க்க முடிகிறது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். ஹிந்த்மாதா பகுதியில் தேங்கும் தண்ணீரைப் பூங்காவுக்கும் மைதானத்துக்கும் அடியில் கட்டிய தொட்டிகளில் பிடித்துவைத்து, கடல் இறங்கியதும் விடுகிறார்கள். தண்ணீர் தங்க ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று சதுப்பைத் தூர்த்தவர்களுக்குத் தோன்றியிருப்பதே பெரிய விஷயம். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய காந்தி மார்க்கெட்டிலும் பம்பு வைத்த பிறகு தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வடிகிறது.

பிரிம்ஸ்டோவாட் திட்டத்தில் பெரிய பம்பிங் ஸ்டேஷன்கள் எட்டு. ஆறு ஓடுகின்றன. மீதியில் ஒன்று மாஹுல். செம்பூர், மாட்டுங்கா, குர்லா மூன்றுக்கும் விடிவு தர வேண்டியது அதுதான். அதைக் கட்ட உப்பள நிலம் கிடைக்குமா, மாற்று நிலம் கிடைக்குமா என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

எனவே இந்தப் பக்கம் தரைத்தளத்தில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏஜென்ட் டிசம்பரில் காட்டும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜூலையில், கடலேற்ற நேரம் பார்த்துப் போய்ப் பாருங்கள்.