பிரெட் சார்

காலை ஆறரை மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் இரண்டு வாசனைகள் மோதிக்கொள்ளும். கீழ்வீட்டுச் சாம்பாரின் பெருங்காயம் மேலே ஏறும். மூன்றாம் மாடியிலிருந்து சுட்ட மாவின் மணம் கீழே இறங்கும். பெருங்காயம் ஜெயித்தால் அன்று நாங்கள் பிழைத்தோம். தோற்றால், பத்து நிமிஷத்தில் யாரோ ஒருவர் வீட்டு அழைப்பு மணி அடிக்கப்போகிறது.

கதவைத் திறந்தால் பிரெட் சார் நிற்பார். வேட்டி, பனியன், கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொருள். பிரசவ வார்டிலிருந்து நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவாரே, அதே பிடி.

"சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க. இப்பவே அறுத்துடாதீங்க, உள்ளே இன்னும் ஆவி இருக்கு. ஒரு மணி நேரம் ஆறணும்."

சொல்லிவிட்டுப் போய்விடுவார். நிம்மதியாக மூச்சு விட முடியாது. சரியாக ஒரு மணி நேரம் கழித்து, நாம் முதல் வாயை மெல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத் திரும்பி வருவார்.

இந்த வகை மனிதர் உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்றிருப்பார். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும். எங்கள் சார் கட்டடம் கட்டிய இன்ஜினியர். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் நியூஜெர்சியில் இருந்தார். அங்கே ஒரு கராஜ் சேலில் பத்து டாலருக்கு இந்த பிரெட் மெஷின் கிடைத்தது. பத்து டாலருக்கு ஏன் விற்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது பெட்டி எடை 23 கிலோவைத் தாண்டிவிட்டது. மெஷினை வைத்துக்கொண்டு டீச்சரம்மா வாங்கிய இரண்டு குக்கரையும் மகள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். டீச்சரம்மா என்றால் அவர் மனைவி. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். அந்தக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை.

சென்னையில் இறங்கிய பிறகுதான் ஒரு சங்கதி தெரிந்தது. அது 120 வோல்ட் மெஷின். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. சார் அசரவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தார். தூக்கிப் பார்த்தேன், கேஸ் சிலிண்டருக்குச் சித்தப்பா மகன். மெஷினைவிட அதற்கு விலை பல மடங்கு. இந்தத் தொகை மட்டும் அவருடைய பிரெட் செலவுக் கணக்கில் என்றைக்கும் வராது. "மைதா, உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் சேர்த்தும் கடை விலையில பாதிகூட ஆகல சார்" என்பார். டீச்சரம்மா உள்ளிருந்து இருமுவார்.

ராத்திரி ஒன்பதரைக்கு யாகம் தொடங்கும். தராசில் 400 கிராம் மைதா. முதலில் தண்ணீர், அதன்மேல் மாவு. ஒரு மூலையில் உப்பு, எதிர்மூலையில் சர்க்கரை. மாவின் நடுவே விரலால் ஒரு குழி, குழிக்குள் ஈஸ்ட். "உப்பும் ஈஸ்டும் பங்காளிங்க. பாகப்பிரிவினை முடியற வரைக்கும் ஒண்ணா உட்கார வைக்கக் கூடாது." பிறகு டைமர். இப்போது வைத்தால் நடுராத்திரிக்குமேல் தானாகவே பிசைந்து, ஊறவைத்து, மறுபடி பிசைந்து, பொங்கவிட்டு, சுட்டு, ஆறு மணிக்குப் பீப் பீப் என்று கூப்பிடும். மொத்தம் நாலு மணி நேர வேலை. நாம் தூங்கலாம். அந்த மெஷினின் மகிமையே அதுதான்.

பிரெட் சார் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டைமர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்.

கான்கிரீட் போடும்போது பக்கத்திலேயே நின்று பழகிய உடம்பு, என்ன செய்யும்? பிசைதல் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் மூடியைத் திறப்பார். மாவு உருண்டையை ஒரு விரலால் அழுத்துவார். இன்னொரு கை அவருடைய காது மடலைப் பிடித்திருக்கும். பதம் காது மடல் போல இருக்க வேண்டுமாம். நடுநிசியில் அடுப்படியில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு கை மாவிலும் ஒரு கை காதிலுமாக நின்றவரைப் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

யாராவது "மெஷின்தானே சார் எல்லாம் பண்ணுது?" என்று கேட்டுவிட்டால் போச்சு, ஒசாகா கதை வந்துவிடும். 1985-ல் ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி வீட்டுக்கு ஒரு பிரெட் மெஷின் செய்யப் பார்த்தது. மேல் தோல் கருகியது, உள்ளே மாவு வேகவில்லை. எங்கே தப்பு என்று இன்ஜினியர்களுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கம்பெனியில் மென்பொருள் எழுதிய இகுகோ தனாகா என்ற பெண்மணி, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்ப் பயிற்சிக்கு நின்றார். அந்த மனிதர் மாவை வெறுமனே பிசையவில்லை, ஒருவிதமாக முறுக்கி இழுக்கிறார் என்று கண்டுபிடித்தார். அந்த இழுப்பு வரும்படி பாத்திரத்தின் உள்ளே வரம்புகள் வைத்தார்கள். மெஷின் ஜெயித்தது. "புரியுதா? உள்ளே ஒரு மனுஷனோட கை இருக்கு!" என்று தன் கையை முறுக்கிக் காட்டுவார். கதை முடிவதற்குள் நமக்கு ஆபீஸ் பஸ் போயிருக்கும்.

ஆரம்ப நாட்களில் சோதனை கொஞ்சமல்ல. அமெரிக்கக் குறிப்புப் புத்தகத்தில் சொன்ன தண்ணீரை அப்படியே ஊற்றினார். அங்கே பிரெட்டுக்கென்று விற்கும் மாவில் புரதம் அதிகம், அவ்வளவு தண்ணீரைத் தாங்கும். நம் மளிகைக் கடை மைதா தாங்கவில்லை. கோபுரமாக எழும்பிய பிரெட் சூடு பட்டதும் நடுவில் குழிந்து தெப்பக்குளம் ஆயிற்று. நோட்டில் "மேல்தளம் உள்வாங்கியது. தண்ணீர் இரண்டு ஸ்பூன் குறைக்க" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மைதா சர்க்கரை நோய்க்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும் கேழ்வரகு பிரெட் வந்தது. மாவை இழுத்துப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் கேழ்வரகில் கிடையாது. ஈஸ்ட் ஊதிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. அந்தப் பிரெட் எங்கள் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இரண்டு மாதம் காத்தது.

தினமும் பேப்பர் வந்ததும் அவர் முதலில் படிப்பது 'இன்றைய மின் தடை'. பிசையும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தப் பழைய மெஷின் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும்.

புளிப்பு விஞ்ஞானத்தை மனைவிக்கு விளக்கவும் அவர் தவறுவதில்லை. "பாரு, உள்ளே நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்னு வாயுவை விடுது. அந்தக் குமிழிதான் மாவைத் தூக்குது. டெம்பரேச்சர் முக்கியம்." டீச்சரம்மா "அப்படிங்களா?" என்றபடி, அரைத்த உளுந்தையும் அரிசியையும் கையால் கலக்கி, உப்புப் போட்டு, மூடி வைத்துவிட்டு டிவி பார்க்கப் போவார். நாற்பது வருஷமாக அந்தப் பாத்திரத்துக்கு டைமர் கிடையாது, டார்ச் கிடையாது, நோட்டும் கிடையாது. காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பிரெட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டு சார் சாப்பிடுவது அந்த இட்லிதான்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு முகம் வெளுத்து வந்தார்.

"நேத்துக் குடுத்த பிரெட்டைச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் சார். பிரமாதம்."

"உள்ளே ஒண்ணும் இல்லியே?"

மாவு பிசையும் துடுப்பைக் காணோம். அது பிரெட்டின் அடியில் புதைந்தே வேகும். சுட்டதும் பிடுங்கி எடுக்க வேண்டும். அதனால்தான் வீட்டு பிரெட்டின் அடியில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். "இதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை" என்று கவிழ்த்துக் காட்டுவார். முந்தின நாள் பிடுங்க மறந்துவிட்டார். இரண்டு பிரெட் போட்டு மூன்று வீட்டுக்குக் கொடுத்திருந்தார். மூன்று வீட்டிலும் விசாரணை நடந்தது. முதல் வீட்டில் பிள்ளைகள் ஒரே நாளில் காலி செய்துவிட்டார்களாம். இரண்டாம் வீட்டில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்களாம். நாங்கள் சொன்னதுதான் மேலே இருக்கிறதே. துடுப்பு மட்டும் யார் பல்லிலும் படவில்லை.

பத்து மணிக்கு வாட்ச்மேன் படியேறி வந்தார். துடைத்துச் சுத்தமாக்கிய துடுப்பை நீட்டினார். "சார், உங்க பிரெட்டுக்குள்ள இந்த இரும்பு இருந்துச்சு. மூணு வீட்லேருந்தும் எனக்குத்தான் வருது. டீல ரெண்டு நிமிஷம் முக்கி வெச்சா நல்லாத்தான் இருக்கு சார்."

மூன்று குடும்பங்களும் அவரவர் கதவுக்குப் பின்னால் நின்றோம். பிரெட் சார் துடுப்பை வாங்கி வேட்டியில் துடைத்தார். கோபிப்பார் என்று பார்த்தால், "ரெண்டு நிமிஷமா? அப்ப தோல் கொஞ்சம் கெட்டி. கலரை லைட்ல வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மேலே போனார். அன்றிலிருந்து முதல் துண்டு வாட்ச்மேனுக்குத்தான்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல். பார்க்கப் போக வேண்டும். நம் ஊரில் காய்ச்சல்காரரைப் பார்க்க என்ன வாங்கிப் போவோம்? பிரெட் பாக்கெட்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று நாலு சாத்துக்குடியோடு போனேன். மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. சார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டூலில் ஒரு டம்ளர் சூடான பால். பேப்பரால் அவசரமாக மூடிய ஏதோ ஒன்று. மின்விசிறிக் காற்றில் பேப்பர் பறந்தது. கடையில் வாங்கிய மில்க் பிரெட்.

"வாட்ச்மேன் வாங்கிட்டு வந்தார்" என்றார் சுவரைப் பார்த்து.

"இவர் சுடற பிரெட்டை மெல்ல உடம்பில தெம்பு வேணுமில்ல" என்றார் டீச்சரம்மா.

சார் ஒரு துண்டை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இன்னொரு கை தன்னாலே காது மடலுக்குப் போயிற்று.

"ரெண்டாவது பொங்கல் சரியா வரல" என்றார். பிறகு அதைப் பாலில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.