ஏழு பிழை பொறுத்தல்

கரூரிலிருந்து கப்பலேறி அயல்தேசத்து மலிவு விலைக் கடைகளுக்குப் போகும் சமையலறைத் துண்டுகளின் யோக்கியதையை நிர்ணயிக்க வரும் பரிசோதகர், 3,200 துண்டுகள் கொண்ட சரக்கில் 125-ஐ மட்டும் உருவியெடுத்து, இழை விட்டிருக்கிறதா, சாயம் இறங்குகிறதா, தையல் கோணலா என்று விளக்கடியில் விரித்துப் பார்த்து, வழக்கமாகக் கைக்கொள்ளும் அட்டவணைப்படி 7 பெரும்பிழைகள் வரை அகப்பட்டால் சரக்கு உத்தமம் என்றும், 8 அகப்பட்டால் அதமம் என்றும் தீர்ப்பளிப்பார். (தர்ம சாஸ்திரங்கள்கூடப் பாவபுண்ணியத்துக்கு இவ்வளவு துல்லியமாக வரம்பு கட்டியதில்லை.) விலை விஷயத்திலோ இந்தத் தாராளம் கிடையாது, நூல் விலை ஏறிற்று, கூலி ஏறிற்று என்று உற்பத்தியாளர் அரைக் காசு கூட்டிக் கேட்டால் அது மகாபாதகம். அமெரிக்காவின் டாலர் ட்ரீ கடைகளோ, பல்லாண்டு காத்துவந்த ஒரு டாலர் விரதத்தை 2021-இல் முறிக்கத் துணிந்து ஒன்றேகால் டாலராக்கிக்கொண்டன. பெயர்ப்பலகையை மாத்திரம் மாற்றவில்லை.